காது மெஷினோடு விமானப் பயணம்: சில வருட அனுபவம்

ப்ளூடூத் வசதி உள்ள காது மெஷினைப் போட்டுக்கொண்டு சென்னை–டெல்லி, சென்னை–சிங்கப்பூர் என்று சில வருடங்களாகப் பறந்துகொண்டிருக்கிறேன். புதிதாக மெஷின் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "ஃப்ளைட்ல கழட்டணுமா? போனை ஃப்ளைட் மோடுல போட்டா மெஷின் நின்னுடுமா?" கழற்ற வேண்டாம், நிற்கவும் நிற்காது. ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் வேலையை மெஷினே செய்துகொள்கிறது, அதற்குப் போன் தேவையில்லை.

ஃப்ளைட் மோட் போட்டதும் போனுக்கும் செல்போன் டவருக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். சில போன்களில் ப்ளூடூத்தும் சேர்ந்து அணைந்துவிடும். திரும்ப ஆன் செய்துகொள்ளலாம். ஐபோனில் ஒரு தடவை அப்படிச் செய்தால் அடுத்த முறை அதுவாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். டவர் தொடர்பையும் ப்ளூடூத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய 2ஜி போன் டவரோடு பேச 2 வாட் வரை அலை அனுப்பும், இப்போதைய 4ஜி போன் 200 மில்லிவாட் வரை அனுப்பும். ப்ளூடூத்துக்குச் சில மில்லிவாட் போதும். மேலே பறக்கும்போது டவர் தூரத்தில் இருப்பதால், அதைத் தொட முயலும் போன் முழுச் சக்தியோடு அலை அனுப்பும். 2ஜி போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் வருகிற 'டிர்ர் டிர்ர்' சத்தம் விமானிகளின் ஹெட்செட்டிலும் வரலாம். அதனால் ஃப்ளைட் மோட் விஷயத்தில் நான் கறார். பக்கத்து சீட்காரர் போடாவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

நம் நாட்டில் 2014 ஏப்ரலில்தான் பயணம் முழுக்க ஃப்ளைட் மோடில் போனை வைத்துக்கொள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அனுமதித்தது. அதற்கு முன் விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் அணைத்தே ஆக வேண்டியிருந்தது. காது மெஷின் கதை வேறு. அமெரிக்க விமான விதியில் மின்கருவிகளுக்குக் கட்டுப்பாடு சொல்லும் 91.21-ஆம் பிரிவே, இதயத்துக்கான பேஸ்மேக்கரோடு காது மெஷினுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில மெஷின்களின் கையேட்டில், விமானம் ஏறியதும் மெஷினிலேயே உள்ள ஃப்ளைட் மோடைப் போடச் சொல்லியிருப்பார்கள். சில மாடல்களில் பட்டனை அழுத்திக்கொண்டே பேட்டரிக் கதவை மூட வேண்டும். அப்படிச் செய்தால் ப்ளூடூத் மட்டும்தான் நிற்கும், காது வழக்கம்போலக் கேட்கும்.

உண்மையான தொல்லை ஆட்களிடமிருந்து வருகிறது. இப்போதைய மெஷின் பார்க்க இயர்பட்ஸ் மாதிரியே இருக்கிறது. டேக்ஆஃபுக்கு முன் பணிப்பெண் வந்து, "சார், இயர்பட்ஸ் எடுத்துடுங்க" என்பார். "இது காது மெஷின்மா" என்றதும் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பயணத்தில் மட்டும், "எதுவா இருந்தாலும் எடுங்க சார்" என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். மூத்த பணியாளர் வந்துதான் தீர்த்துவைத்தார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஹெட்செட்டைக் கழற்றச் சொல்வதே அவசர அறிவிப்பு காதில் விழ வேண்டும் என்பதற்காக. என் மெஷினைக் கழற்றினால் அந்த அறிவிப்பே எனக்குக் கேட்காதே! இப்போதெல்லாம் ஏறும்போது வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கேட்பதில்லை. நானும் பாதுகாப்பு விளக்கம் முடியும்வரை போனிலிருந்து எதையும் கேட்பதில்லை.

ஜன்னல் சீட்டை விட்டுவிட்டேன். சுவரில் தலை சாய்த்தால் மெஷின் 'கீ' என்று விசிலடிக்கும், தலைக்கு மேலே இருந்து வரும் ஏசிக் காற்று மைக்கில் பட்டால் இரைச்சல் தாங்காது. நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து அந்தக் காற்றுக் குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டால் பாதி நிம்மதி. என்ஜின் உறுமலை மட்டும் எதிர்பார்த்த அளவு குறைக்க முடியவில்லை. மெஷினின் நுனியில் காதுக்குள் செருகும் ரப்பர் குடை ஓட்டை உள்ளதாக இருந்தால் அந்தக் கனத்த சத்தம் மெஷினைத் தொடாமலே நேராகக் காதுக்குள் போய்விடும். அதே ஓட்டை வழியாகப் பாட்டின் கீழ்ச்சுரங்களும் வெளியே ஓடிவிடும். பேச்சும் வசனமும் தெளிவு, இசை சப்பென்று இருக்கும்.

சீட் டிவிக்காகச் சின்ன ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் வாங்க நினைப்பவர்கள் பொறுங்கள். காது மெஷின்கள் நிறையவற்றில் இருப்பது சாதாரண ஹெட்செட் ப்ளூடூத் கிடையாது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் என்றே உள்ள தனி முறைகள். டிரான்ஸ்மிட்டரின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், மெஷின் சேராது. உங்கள் மாடல் சாதாரண ப்ளூடூத்தையும் ஏற்குமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆராகாஸ்ட் என்ற புது ப்ளூடூத் ஒலிபரப்பு முறை விமான சீட்டுகளுக்கு வந்தால், அதை ஏற்கும் மெஷின்களுக்கு இந்தப் பிரச்சினை தீரும்; அது வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதுவரை, படங்களைப் போனிலேயே இறக்கிக்கொண்டு போவதுதான் வழி.

இப்படிப் போனிலிருந்து படம், பாட்டு கேட்டுக்கொண்டே போனால் மெஷின் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். சார்ஜர் பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி இருந்தால் அதைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை போட்டிருக்கிறது. அதனால் அந்தப் பயணங்களுக்கு, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மெஷினும் பெட்டியும் முழு சார்ஜில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.