18 இன்ச் விரிப்புக்கு எந்தக் கணக்கு பொருந்தும்?

கடலூர்ப் பக்கம் கைலிக்குப் பஞ்சமே இல்லை. குறிஞ்சிப்பாடித் தறிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பழசான கைலி எந்த வீட்டிலும் கடைசியில் கரித்துணியாகத்தான் போகும். நான் அவற்றை வெட்டி, 18 இன்ச் சதுரத்தில் ஒட்டுத்துணி விரிப்புகள் தைக்கிறேன். க்வில்ட் என்று சொன்னால் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. வடிவங்களைக் கணிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். "எதை முதல்ல தைக்கலாம்க்கா?" என்று மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

காகிதத்தில் அழகாக இருக்கும் வடிவம் துணியில் அப்படியே வராது. பாவு (நீளவாட்டு நூல்) வழியாகவோ ஊடை (குறுக்கு நூல்) வழியாகவோ இழுத்தால் துணி அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் நீண்டுகொண்டே போகும். டெய்லர்கள் கழுத்து வளைவுக்கு கிராஸ் பீஸ் வெட்டுவது இதனால்தான். ஆகவே எந்த வடிவத்தைப் பார்த்தாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை வெட்டு சாய்வாக விழுகிறது? ஒரே புள்ளியில் எத்தனை முனை வந்து சேர்கிறது?

இந்தக் கேள்விகளில் முழு மதிப்பெண் வாங்குவது ஃபிபனாச்சி சதுரங்கள். முந்தைய இரண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்தது வரும்; அப்படி 1, 1, 2, 3, 5, 8, 13 இன்ச் என்று ஏழே சதுரம். சுற்றிச் சுற்றி ஒட்டினால் 13-க்கு 21 இன்ச் விரிப்பு வந்துவிடும். தையல் ஓரத்துக்காக ஒவ்வொன்றையும் அரை இன்ச் கூட்டி வெட்ட வேண்டும், அவ்வளவுதான். சாய்வு வெட்டு ஒன்றுகூட இல்லை. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். ஆனால் 13 இன்ச் சதுரம் பாதி விரிப்புக்கு மேல் பிடித்துக்கொள்வதால், அந்த ஒரு துணிதான் கண்ணில் நிற்கும். மிஷின் பழக நல்லது. இரண்டாவது தைக்க எனக்குக் கை போகவில்லை.

நான் திரும்பத் திரும்பத் தைப்பது ட்ரூஷே கட்டம். செபாஸ்டியன் ட்ரூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1704-இல் எழுதிவைத்தது. சதுரத்தை மூலைக்கு மூலை பிரித்து, பாதி அடர்நிறம், பாதி வெளிர்நிறம். ஒரு கட்டத்தை நான்கு விதமாகத் திருப்பலாம். நாலுக்கு நாலு அடுக்கினாலே 429 கோடிக்கு மேல் கோலங்கள் வரும். முக்கோணமாக வெட்டித் தைத்தால் சாய்ந்த ஓரம் கையிலேயே இழுபட்டு வளைந்துவிடும். அதனால் 3⅞ இன்ச் சதுரம் இரண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போடுங்கள். கோட்டுக்கு இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தையல் ஓட்டுங்கள். அப்புறம்தான் கோட்டில் கத்தரி. தையல் ஏற்கெனவே பிடித்திருப்பதால் துணி நீளாது. ஒரு ஜோடியில் இரண்டு கட்டம் கிடைக்கும்; 18 ஜோடிக்கு 36 கட்டம், ஆறுக்கு ஆறாக அடுக்கினால் சரியாக 18 இன்ச்.

எப்படித் திருப்புவது என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். இரண்டு காசைச் சுண்டுங்கள். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ: நான்கு திசைக்கு நான்கு. காசு சொன்னபடி அடுக்கியதில் எனக்குத் திட்டமிடாத வைரங்களும் மின்னல் கோடுகளும் வந்தன. இன்னொன்று, கைலியின் கட்டக்கோடு சதுரத்தின் ஓரத்தோடு இணையாகவே ஓடும். ஆனால் அதையே அளவாக நம்பிவிடாதீர்கள். என்னிடமிருக்கும் ஒரு கைலியில் நாலு கட்டம் அகலவாட்டில் 3 இன்ச், நீளவாட்டில் 2¾ இன்ச்.

மேலே இந்தத் துணி, கீழே ஒரு துணி, நடுவில் நான் பஞ்சு வைப்பதில்லை. நம் ஊர் வெயிலுக்குப் பழைய வேட்டி இரண்டு மடிப்பே தாராளம். மூன்றையும் சேர்த்துத் தைக்க, ஒரே கோட்டில் முடியும் சிக்குக் கோலத்தைச் சாக்பீஸால் வரைந்து அதன்மேல் ஓட்டுத்தையல் போடுகிறேன். கோடு எங்கும் அறுந்து நிற்காததால் தையலுக்கும் தனித்தனி முனைகள் கிடையாது.

மிஷின் இல்லாதவர்களுக்கு அறுகோணம். அதில் நாலு பக்கம் சாய்வாகத்தான் விழும். ஆனால் ஒவ்வொரு துணியும் ஒரு காகித அறுகோணத்தின்மேல் மடித்துத் தைக்கப்படுவதால் அது விறைப்பாக நிற்கும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு நல்லது. மழைக்காலத்தில் சாதாரணக் காகிதம் இங்கே நமத்துப்போகிறது. மடித்த ஓரங்களை விளிம்போடு விளிம்பாகக் கையால் தைத்துவிட்டுக் காகிதத்தை உருவிவிடலாம். ஒரு புள்ளியில் மூன்றே முனை என்பதால் மேடு தட்டாது. ஒரே பரப்புள்ள துண்டுகளாகத் தளத்தைப் பிரிக்க மிகக் குறைந்த எல்லை தேவைப்படுவது தேனடை வடிவத்துக்குத்தான் என்று 1999-இல் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தார். அதாவது தையல் நீளமும் அதில்தான் குறைவு. அப்படியும் ஒரு இன்ச் பக்கமுள்ள அறுகோணத்தில் 18 இன்ச் நிரப்ப ஏறக்குறைய 125 துண்டு, 300-க்கு மேல் இணைப்பு. மாதக்கணக்கில் மாலைகள் போகும். அவசரமில்லாதவர்களுக்கு இதைவிட நிம்மதியான வேலை எனக்குத் தெரியாது.

பென்ரோஸ் வடிவத்தை இந்த அளவுக்கு நான் சொல்லமாட்டேன். 1970-களில் ரோஜர் பென்ரோஸ் கண்டது. இரண்டு சாய்சதுரங்கள், ஒன்றில் 72, 108 பாகை, மற்றதில் 36, 144. எவ்வளவு பரப்பினாலும் ஒரே அடுக்கு சீராகத் திரும்ப வராது. அந்த அழகைப் பார்க்கப் பெரிய போர்வை வேண்டும். 18 இன்ச்சில் ஒரு நட்சத்திரமும் சில ஓரத் துண்டுகளும்தான் அடங்கும். 36 பாகை முனையை மடித்தால் பின்னால் வால் நீட்டுகிறது. நட்சத்திர நடுவில் ஐந்து முனை, பத்து மடிப்பு. கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்தும் அந்த இடம் குமிழாகவே நின்றது.

திரும்ப வராத வடிவம்தான் வேண்டுமென்றால் 'தொப்பி'யை எடுங்கள். இங்கிலாந்தில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற டேவிட் ஸ்மித், அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தது. மூன்று ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2023 மார்ச்சில் வெளியிட்டார். 13 பக்கம், ஒரே வடிவம். அறுகோணம் தைத்தவருக்கு இது அந்நியமில்லை. ஒரு அறுகோணத்தை எதிரெதிர்ப் பக்க நடுப்புள்ளிகளை இணைத்து ஆறு பட்டமாக (காற்றாடி வடிவ நாற்கரமாக) பிரித்தால், அப்படிப்பட்ட எட்டுப் பட்டம் சேர்ந்ததுதான் ஒரு தொப்பி. இரண்டு இன்ச் பக்க அறுகோணத்திலிருந்து எடுத்தால் சுமார் 24 தொப்பி போதும். உள்ளே குழிந்த மூலைகளில் தையல் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். அது மட்டும் பொறுமை கேட்கும்.

ஏறக்குறைய எட்டில் ஒரு தொப்பி கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுக்கு பாதியில் நின்றுவிடும். அச்சுத்துணியில் பின்பக்கம் வெளிறியிருக்கும், அதற்கென்று தனியாக வெட்ட வேண்டும். கைலியில் நிறம் நூலிலேயே ஏறியிருப்பதால் இரு பக்கமும் ஒன்றுதான். வெட்டிய துண்டைப் புரட்டிப் போட்டால் போதும். என் விரிப்பில் அப்படி மூன்று. அவற்றை மட்டும் அப்பாவின் சிவப்புக் கைலியில் தைத்தேன், எங்கே திரும்புகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று.