பாதி விலையில் கிடைத்தாலும் அந்த வினைச்சொல் செயலி வேண்டாம்

நான் பயன்படுத்தும் போர்த்துகீசிய வினைச்சொல் செயலியின் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறது. வாங்கலாமா என்று லிஸ்பனில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் விழும் அசையைச் சிவப்பில் காட்டி, நிதானமாக ஒலித்துக் காட்டுவதில் இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. போர்த்துகீசியத்தில் 'பேசினார்கள்', 'பேசுவார்கள்' இரண்டுக்கும் எழுத்தில் ஈறு வேறு. காதுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாம் அசையை அழுத்தினால் நடந்து முடிந்தது, கடைசி அசையை அழுத்தினால் நடக்கப்போவது. அழுத்தத்தால் பொருள் மாறாத மொழியில் வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடாது. 'நாங்கள் பேசினால்' என்பதற்கு ஏட்டில் நான்கு அசை, 'ஃபலாஸெமுஷ்'. லிஸ்பன் கடைத்தெருவில் மூன்றாம் அசையின் உயிர் கரைந்து 'ஃபலாஸ்முஷ்' என்றே கேட்கும். செயலி இரண்டு விதமாகவும் ஒலிக்கிறது. என் காது தெளிந்தது இதனால்தான்.

வரி மடங்கும் இடத்தில்தான் வயிற்றெரிச்சல். அதே 'ஃபலாஸெமுஷ்' சொல்லில் 'எஸ்' இரண்டு வரும். ஒன்றை மேல்வரியிலும் மற்றதைக் கீழ்வரியிலும் வைப்பதே விதி. செயலியோ இரண்டையும் கீழே தள்ளிவிட்டு மேலே சிறுகோடு போடுகிறது. சிவப்பு அசையின் கடைசி எழுத்து அடுத்த வரியில் அநாதையாகச் சிவந்து நிற்கிறது! இது வெறும் அழகுக் குறை அன்று. வினையோடு பிரதிப்பெயரை ('அவன்', 'அது' போல் பெயருக்குப் பதிலாக வரும் சொல்லை) ஒட்டுவதும் அதே சிறுகோடுதான். 'ஃபாலஸெ' என்றால் 'பேசப்படுகிறது': சிறுகோடு உண்டு, 'எஸ்' ஒன்று. 'ஃபலாஸெ' என்றால் 'அவர் பேசினால்': கோடு கிடையாது, 'எஸ்' இரண்டு. அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளே தடுமாறும் இடம் இது. இங்கேயா அலட்சியம்?

எதிர்கால வடிவங்களில் பிரதிப்பெயர் வினையின் நடுவிலேயே புகுந்து, சொல்லுக்குள் இரண்டு கோடுகள் வரும். அந்தக் கோட்டில் வரி உடைந்தால் அடுத்த வரியின் தொடக்கத்திலும் கோட்டைத் திரும்பப் போட வேண்டும் என்று, லிஸ்பனில் கையெழுத்தான போர்த்துகீசியம் பேசும் நாடுகளின் 1990 எழுத்துமுறை உடன்படிக்கையின் 20ஆம் பகுதி சொல்கிறது. எது சொல்லின் கோடு, எது வரி மடிப்பின் கோடு என்று தெரிய வேண்டாமா? செயலி போடுவதே இல்லை. எழுதிக் கேட்டதற்கு, எழுத்தளவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த பதிப்பில் பின்னணி நிறங்கள் கூடின. பிழை அப்படியே இருக்கிறது.

ஒலிப்பதிவுகளுக்காக நான் சந்தாவைத் தொடர்வேன். ஆனால் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றே சொன்னேன். அவர் இப்போதுதான் எழுதப் பழகுகிறார். செயலி அசை பிரிக்கக் கற்றுக்கொண்டு விலையை இரட்டிப்பாக்கட்டும், அப்போது நானே அவருக்கு வாங்கித் தருகிறேன்.