பழைய இறங்குதுறைக்கு ராட்டினமா, வெறும் பலகைத் தளமா?

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் துருவேறிக் கிடக்கும் வெள்ளைக்காரன் காலத்து இறங்குதுறையை என்ன செய்யலாம் என்று எங்கள் சனசமூக நிலையத்தில் இரண்டு வரைபடங்களை ஒட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஒன்று 1942 போரைக் கருவாக வைத்த கேளிக்கை இறங்குதுறை: போர்க்கப்பல் வடிவில் உணவகம், ராட்டினம், இரவில் ஒளியும் ஒலியும். மற்றது தூண்களைப் பழுதுபார்த்துப் பலகை போட்ட நடைதளம், நுனியில் படகு அணையும் படி, தூண்டில் போட ஒரு மூலை, தேத்தண்ணிக் கடை. நான் இரண்டாவதுக்குப் போட்டேன்.

பார்க்க எடுப்பானது முதலாவதுதான், அதில் பேச்சே இல்லை. பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். வரலாற்றுக்காக என்றால், ஒல்லாந்தர் கட்டடம் ஒன்றிலேயே கடற்படையின் அருங்காட்சியகம் நம் ஊரில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட கதையைச் சொல்ல அட்டைக் கப்பல் தேவையில்லை. சரி, இதெல்லாம் சில்லறை.

காசைத் தின்பது பலகைக்குக் கீழே இருப்பது. முழுநேரமும் தண்ணீருக்குள் கிடக்கும் இரும்பைவிட, அலை தெறித்து நனைவதும் காய்வதுமாக இருக்கும் பட்டைதான் வேகமாக அரிபடும். உப்பு, ஈரம், காற்று மூன்றும் அங்கேதான் தாராளமாகச் சேருகின்றன. வள்ளத்தில் கீழே போய்ப் பாருங்கள். சிப்பி ஒட்டிய அடிப்பகுதி ஓரளவு திடமாக இருக்கும். அதற்கு ஒரு முழம் மேலே இரும்பு தட்டுத் தட்டாக உரிந்து நிற்கும், நகத்தால் நெம்பினால் கையோடு வரும். கொங்கிறீட் தூண் போட்டாலும் கதை இதுதான். உப்பு ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு பருத்து, மேல் கொங்கிறீட்டை வெடிக்க வைத்துவிடும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. அரிக்கிற பட்டை குறுகியது என்பதால் வள்ளத்தில் நின்றபடியே சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். ஆனால் எப்போது அடிப்பது? வாடைக்காற்றோடு வரும் மாரியில் இரும்பு காயாது. காயும் மாதங்கள் மே முதல் செப்டெம்பர் வரை. நிலாவெளி, உப்புவெளி என்று சனம் குவிவதும் அதே மாதங்களில்தான். ராட்டினம் நடத்துகிறவர் நல்ல உழைப்பு வரும் ஜூலையில் மூடிவிட்டுத் தூண் சுரண்டுவாரா? அடுத்த வருடம் பார்ப்போம் என்பார், அதற்கடுத்த வருடமும் அதையே சொல்வார். நடைதளமென்றால் பாதி அகலத்தைக் கயிறு கட்டி மறித்துவிட்டு மறுபாதியில் ஆட்களை விடலாம். சந்தேகம் வந்தால் இரண்டு பலகையைக் கழற்றி எட்டிப் பார்க்கலாம். உணவகத்தின் தரையை அப்படிக் கழற்ற முடியாது. ராட்டினத்தின் பாரமும் அதிர்வும் பழைய தூணுக்கு என்ன செய்யும் என்பதைப் பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும், எனக்குப் பயம்தான்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வெஸ்டன் சூப்பர் மேர் என்ற கடலோர ஊரில் இருந்த இறங்குதுறை மண்டபம் 2008-ல் எரிந்தது. சொந்தக்காரர்கள் திரும்பக் கட்டி 2010 ஒக்டோபரில் திறந்தார்கள். உள்ளே முழுக்க விளையாட்டு, மேலே கூரை, மழையிலும் கல்லாப்பெட்டி நிறையும். அதே நாட்டில் ஹேஸ்டிங்ஸ் துறை 2010-ல் எரிந்து, 2016-ல் திறந்த பலகைத் தளமாக மறுபடி வந்தது. நான் விரும்பும் ரகம் அதுதான். 2017-ல் பிரித்தானியாவின் பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டேர்லிங் பரிசும் கிடைத்தது. அடுத்த மாதமே அதை நடத்திய அறக்கட்டளை கடனில் மூழ்கி, நொடித்த நிறுவனங்களைக் கையேற்கும் நிர்வாகிகள் கைக்குப் போனது. 2018-ல் தனியாருக்கு விற்றார்கள். வெறும் தளம் தானாகச் சோறு போடாது. சுவரில் ஒட்டிய இரண்டாவது படத்திலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

அதை அடைக்க நான் பார்ப்பது அதே இங்கிலாந்தின் கிளீவ்டன் என்ற ஊர்ப் பக்கம். 1869-ல் திறந்த துறை. 1970-ல் பாரம் ஏற்றிச் சோதித்தபோது ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது ஊர்ச்சனம் விடவில்லை. 1989-ல் பாதியும் 1998-ல் முழுதுமாகத் திறந்தார்கள். லொத்தர் நிதியும் மானியமும் இல்லாமல் அது எழுந்திருக்காது என்பதும் உண்மை. ராட்டினம் கிடையாது. நுழைவுக் கட்டணம், தேநீர், சின்னக் கடை, கோடையில் அணையும் வேவர்லி என்ற பழைய நீராவிக் கப்பல், அப்புறம் காசு கொடுத்தவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள்.

இந்தக் கடைசி வழி நம்மாட்களுக்குப் புதிதா? கோயில் ரியூப் லைற்றில் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயம் எழுதுகிற சனம் நாங்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களிடம் அம்மாவின் பெயரில் ஒரு பலகை என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். அந்தக் காசு திறப்பு விழாப் பந்தலுக்குப் போகாமல் பெயின்ட் கணக்குக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். அதைக் காவல் காப்பதுதான் கஷ்டம்.

படகு வருமானத்தில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. துறைமுகம் சுற்றிக் காட்டும் படகுக்கு ஆள் வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உட்துறைமுகத்தில் கடற்படை அனுமதியில்லாமல் எதுவும் நகராது. அது எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று பந்தயம் கட்டமாட்டேன். ராட்டினம் வந்தே ஆகவேண்டும் என்கிற பொடியன்களோடும் எனக்குச் சண்டையில்லை. கரையில், மண்தரையில் வைக்கட்டும். அங்கே தூணும் இல்லை, சுரண்டும் வேலையும் இல்லை, டிக்கெட் காசில் ஒரு பங்கைத் துறைக்கும் கேட்கலாம்.