ராமநாதபுரத்தில் நடந்த பால்வினை நோய்ப் பயிற்சி: போகலாமா?

கடற்கரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் செவிலியர், ஆலோசகர்களுக்காக ராமநாதபுரத்தில் நடந்த பயிற்சி இது. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். அடுத்து நடந்தால் போகலாமா என்று கேட்டால், போங்கள், மருந்து விஷயத்துக்காகவே போகலாம். நோயாளியிடம் பேசக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் கொஞ்சம் ஏமாறுவீர்கள்.

லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் முறையை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாகோவின் (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) 7 வண்ண மருந்து கிட்களையும் மேசையில் பரப்பி வைத்தார்கள். ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தில் சீழ் வடிந்தால் சாம்பல் கிட், அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை, நம் கண் முன்னாலேயே விழுங்க வைக்க வேண்டும். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அரையாப்புக்கு (தொடை இடுக்கில் நெறிகட்டி வீங்குவது) கறுப்பு. நீலம், மஞ்சள், கறுப்பு மூன்றிலும் டாக்ஸிசைக்ளின் இருப்பதால் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்பதை எல்லாரையும் திரும்பச் சொல்ல வைத்தார் பயிற்சி டாக்டர். பிறப்புறுப்புப் புண்ணுக்கான வெள்ளை கிட் பென்சிலினைக் கையில் கொடுத்தே கலக்க வைத்தார்கள். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் போலக் கெட்டியாக நிற்கிறது, மெல்லிய ஊசி என்றால் அடைத்துக்கொள்ளும். 24 லட்சம் யூனிட்டை இரண்டு புட்டத்திலும் பாதிப் பாதியாக, மெதுவாகப் போட வேண்டும். ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலின் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் சிரிஞ்சைத் தொட்டவர்களுக்கு நல்ல திட்டு விழுந்தது.

கையேடுதான் கொடுமை. வண்ண கிட் அட்டவணையைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள்! ஏழு கிட்டும் சாம்பல் கிட்டாகத்தான் தெரிகிறது. திரையில் வரும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடித்துக் காட்டும் பகுதியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் அவசர அவசரமாக முடித்தார்கள். நோயாளியாக ஒருவர், பக்கத்தில் மாமியாராக இன்னொருவர். எங்கள் சிஸ்டர் ஒருவர் எடுத்த எடுப்பில் "வீட்டுக்காரருக்கு வேற தொடர்பு உண்டா?" என்று கேட்க, ஹாலே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "முதல்ல மாமியாரை ஓ.பி. சீட்டு வாங்க அனுப்பும்மா" என்றார். அன்றைக்குக் கிடைத்த பாடங்களிலேயே உருப்படியானது எனக்கு அதுதான், அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் "தண்ணியிலேயே கிடக்கோம், அதான் வெள்ளைப்படுது" என்று காரணத்தையும் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் இல்லை, பூஞ்சையாலும் வரும். பச்சை கிட்டைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால் வீட்டில் சண்டை வந்துவிடும். இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

அறிகுறியே இல்லாதவர்கள் இந்த முறையில் விடுபட்டுப்போவார்கள், அதனால் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனை, நம்பிக்கை மையத்தில் (அரசு ஆலோசனை, பரிசோதனை மையம்) எச்.ஐ.வி. பரிசோதனை என்று சொன்னது சரி. ஆனால் "கணவரையும் கூட்டி வந்து மருந்து கொடுங்கள்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போனவரை, கொச்சியில் போய்ப் படகு ஏறியவரை எங்கே போய்க் கூப்பிடுவது? கேட்டேன், பதில் இல்லை. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் ஊரில் இருக்கும் நேரம். பயிற்சியை மார்ச்சிலேயே வைத்தால், கற்ற கையோடு தம்பதிகளைச் சேர்த்துப் பார்க்கவாவது முடியும். கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.