சின்ன விமானத்தில் ஆட்டோபைலட்: எந்தப் பெட்டி நம்ம காற்றுக்கு ஒத்துவரும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, ஆனால் பைலட் படிக்கப் போன பிள்ளைகள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நிறையவே உண்டு. லீவுக்கு வந்தால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, வாடகைக்கு எடுக்கும்போது ஆட்டோபைலட் உள்ள விமானத்தை எடுக்கவா, இல்லாததையா?" இருக்கு, இல்லை என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால் பதில் சொல்ல முடியாது மக்கா. இறக்கைச் சாய்வை மட்டும் பிடிக்கிற பெட்டி வேறு, உயரத்தையும் பிடிக்கிற பெட்டி வேறு, அதிலும் பழையதும் டிஜிட்டலும் நடந்துகொள்கிற விதமே வேறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாலு சீட், ஒற்றை எஞ்சின், பகலில் வெளியே பார்த்து ஓட்டுகிறவருக்கு உயரத்தை இறுக்கிப் பிடிக்கிற பெட்டியைவிட, தேவைப்பட்டால் உயரத்தை விட்டுக்கொடுக்கிற பெட்டிதான் நல்லது.

முதலில் கையால் ஓட்டுவதைப் பார்ப்போம். செஸ்னா 172 மாதிரி விமானத்தை நன்றாக டிரிம் செய்துவிட்டால் (அதாவது கையால் அழுத்திப் பிடிக்காமலே மூக்கு வைத்த இடத்தில் நிற்கும்படி சரிசெய்துவிட்டால்) காற்று அமைதியாக உள்ள காலை நேரத்தில் இரண்டு விரல் போதும், ஆட்டோபைலட் இல்லையே என்ற நினைப்பே வராது. தனியார் லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், அதைக் கையாலேயே பறப்பதுதான் முறை. சிக்கல் மேகத்துக்குள் போனால் வருகிறது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவி பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து பறக்க வைத்துப் பார்த்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். அநேகமாக எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து சுழன்று இறங்கியவர்கள். காது ஒன்று சொல்லும், கருவி ஒன்று சொல்லும், மனுஷன் காதைத்தான் நம்புவான்.

அதனால்தான் ஒற்றை அச்சுப் பெட்டியை, அதாவது சாய்வை மட்டும் சமன் செய்வதை, நான் மட்டமாகப் பேசமாட்டேன். 1914இல் லாரன்ஸ் ஸ்பெரி பாரிஸ் அருகே சேன் நதிமேல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு பறந்தாரே, மெக்கானிக் இறக்கைமேல் நடந்தும் விமானம் கவிழவில்லையே, ஆட்டோபைலட்டின் பிறப்பே அந்தச் சமன் பிடிக்கும் வேலைதான். மேகத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவருக்கு வேண்டியதெல்லாம் இறக்கையை நேராக வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவது. ஹெட்டிங் குறியை, அதாவது பெட்டிக்குத் திசை சொல்கிற குறியை, 180 டிகிரி திருப்பி வைத்தால் பெட்டி அதைச் செய்துவிடும். உயரத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம், அது அவ்வளவு கஷ்டமில்லை.

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம்: பழைய இரண்டு அச்சுப் பெட்டிகளும் (சாய்வோடு மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் பிடிப்பவை) புதிய டிஜிட்டலும்.

பழையவற்றிலேயே இரண்டு சாதி உண்டு. கேஎஃப்சி 150 மாதிரியானவை செயற்கை அடிவானக் கருவியை (விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலா கீழா என்று காட்டுவது) பார்த்து ஓட்டும். ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் அந்தக் கருவிக்குள் சுழல்கிற சக்கரமான ஜைரோ சரிந்தால் பெட்டியும் அந்தப் பொய்யை நம்பி விமானத்தைச் சாய்க்கும். கேஏபி 140, எஸ்-டெக் 55எக்ஸ் போன்றவை டர்ன் கோஆர்டினேட்டரை, அதாவது விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று காட்டும் கருவியை, நம்புகின்றன. கொஞ்சம் ஆடி ஆடித்தான் போகும். ஆனால் டர்ன் கோஆர்டினேட்டர் கரண்டில் ஓடுவது, அடிவானக் கருவியோ பழைய விமானங்களில் பெரும்பாலும் காற்றை உறிஞ்சுகிற வேக்யூம் பம்ப்பில் ஓடுவது. பம்ப் செத்த அன்றைக்கும் பெட்டி வேலை செய்யும். எனக்கு வழுவழுப்பைவிட இதுதான் பெரிது.

அடுத்தது உயரம். திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு நேர்கோட்டில் போனால் அகத்தியர் மலைத்தொடரைத் தாண்ட வேண்டும், அகத்தியமலை மட்டுமே 1,868 மீட்டர். இல்லையென்றால் தெற்கே வந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டியோ குமரிமுனையைச் சுற்றியோ போகலாம். (மகேந்திரகிரியில் இஸ்ரோ மையமும் கூடங்குளத்தில் அணு மின் நிலையமும் இருக்கின்றன, தடைப்பகுதி எங்கே என்று வரைபடத்தில் பார்க்காமல் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள்.) ஆனி ஆடியில் அந்தக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேற்கிலிருந்து வருகிற காற்று மலையில் ஏறி, கிழக்கே பணகுடி பக்கம் இறங்குகிறது. அந்த இறங்கு காற்றுக்குள் நீங்கள் உயரப் பிடிப்பைப் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் கீழே போகப் பார்க்கும், பெட்டி மூக்கைத் தூக்கும். இன்னும் கீழே போகும், இன்னும் தூக்கும். 110 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கு) இருந்த வேகம் 90 ஆகும், 75 ஆகும். கேஏபி 140க்கு உயரம் தெரியும், வேகம் தெரியாது. ஸ்டால் ஆகிற வரைக்கும், அதாவது இறக்கை விமானத்தைத் தூக்க முடியாமல் போகிற வரைக்கும், அது தன் கடமையைச் செய்துகொண்டேதான் இருக்கும், நீங்கள் வெளியே காற்றாடி பார்த்துக்கொண்டிருந்தால் முடிந்தது கதை.

உயரப் பிடிப்பை எடுத்துவிட்டால் போதுமே என்றால், பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இங்கேதான். இரண்டு அச்சு கேஏபி 140இல் உயரப் பிடிப்பை எடுத்தால் அது வெர்டிகல் ஸ்பீட் பிடிப்புக்குப் போய்விடும். அதாவது நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று பிடிக்கும், அதற்கும் மூக்கைத்தான் தூக்கும். சாய்வை மட்டும் அதனிடம் விட வழியில்லை, மொத்தமாக அணைக்க வேண்டியதுதான். எஸ்-டெக் 55எக்ஸில் சாய்வை மட்டும் பெட்டியிடம் விட்டுவிட்டு மூக்கை நம் கையில் வைத்துக்கொள்ளலாம். குலுக்கலில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். திசை தன்னால் நிற்கும், உயரம் இருநூறு முந்நூறு அடி ஏறி இறங்கினால் இறங்கட்டும் (கீழே மலை இல்லாத பட்சத்தில்), நம் கண் வேகத்தில் மட்டும். செஸ்னா 172எஸ்ஸில் முழு எடையில் குலுக்கலுக்கான வேக வரம்பு 105 நாட், எடை குறைந்தால் அதுவும் குறையும். கடும் குலுக்கல் என்றால் எந்தப் பெட்டியானாலும் முழுவதும் எடுத்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

புதிய டிஜிட்டல் பெட்டியான கார்மின் ஜிஎஃப்சி 500 இந்த விஷயத்தில் பழையவற்றை நன்றாகவே முந்துகிறது. அதற்கு வேகம் தெரியும். வேகத்தைப் பிடி, உயரம் எப்படியோ போகட்டும் என்று சொல்ல முடியும், அல்லது மூக்கின் கோணத்தை மட்டும் பிடிக்கச் சொல்ல முடியும். வேகம் ரொம்பக் குறைந்தால் தானே மூக்கை இறக்கும். எதுவும் புரியாத நிலையில் அழுத்த எல்விஎல் என்று ஒரு பொத்தான், அழுத்தினால் இறக்கையை நேராக்கி விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும். ஆட்டோபைலட் அணைந்திருக்கும்போதும், நீங்கள் ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் சாய்த்தால் யோக்கை (கையில் பிடித்து ஓட்டுகிற பிடியை) மெதுவாகத் திருப்பித் தள்ளும், சைக்கிள் பழகும்போது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவருகிற அண்ணன் மாதிரி. 2017இல் அறிவித்தபோது இரண்டு அச்சுக்கு 6,995 டாலர் என்றார்கள், மாட்டும் கூலி தனி, அதோடு ஜி5 மாதிரி டிஜிட்டல் அடிவானக் கருவியும் வேண்டும். மொத்தக் கணக்கு போட்டால் பழைய 172 ஒன்றின் விலையில் கணிசமான பங்கு இதற்கே போய்விடும்.

தானே தரையிறக்குகிற ஆட்டோலேண்டும் 2020இல் பைப்பர் எம்600இல் அங்கீகாரம் பெற்றுவிட்டது. அது வேறு பணம், வேறு ஆட்கள்.

எந்தப் பெட்டியானாலும் அதைப் போட்டுவிட்டு யோக்கையும் பிடித்து இழுக்கக் கூடாது. நீங்கள் மூக்கை இறக்க அழுத்தினால், டிரிம்மும் தன் கையில் உள்ள பெட்டி அதை எதிர்த்து மேல்நோக்கி டிரிம்மை ஓட்டும். பிறகு நீங்கள் அணைக்கிற நொடியில் சேர்ந்திருந்த டிரிம் மொத்தமும் மூக்கை மேலே எறியும். கேஏபி 140 கையேட்டிலேயே ஆட்டோபைலட்டுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற பொருளில் எச்சரிக்கை இருக்கிறது. 1994இல் ஜப்பானின் நகோயாவில் ஏர்பஸ் ஒன்று விழுந்து 264 பேர் இறந்தது இப்படிப் பைலட்டும் ஆட்டோபைலட்டும் எதிரெதிராக இழுத்ததில்தான்.

பெட்டி இருந்தும் உதவாத கதையும் உண்டு. 1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப் கென்னடி ஜூனியர் ஓட்டி விபத்துக்குள்ளான பைப்பர் சரடோகாவில் ஆட்டோபைலட் இருந்தது. இரவு, மூட்டம், கீழே கடல். கடைசியாக ரேடாரில் பதிவானது வலப்பக்கம் சுழன்று இறங்கிய பாதை. இந்தியாவில் கண் பார்த்து ஓட்டும் விமானங்களுக்கு, உள்ளூர்ப் பறப்பு போன்ற சில விலக்குகள் தவிர, சூரியன் மறைந்து 20 நிமிஷத்துக்கு மேல் அனுமதியில்லை. ஆனால் குமரிமுனைக்குத் தெற்கே கடல்மேல் சாயங்கால மூட்டத்தில் வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகிவிட்டால் அதே நிலைமை பகலிலேயே வரும். அங்கே ஒற்றை அச்சுப் பெட்டியாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பேன்.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் பெட்டியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் அதன் துணைக் கையேட்டையும் கேளுங்கள். கேஏபி 140 என்றால் 800 அடிக்குக் கீழே, தரையிறங்க வரும்போது 200 அடிக்குக் கீழே, அது ஓடக் கூடாது. தரையிலேயே யோக்கின் சிவப்புப் பொத்தானை அழுத்தி அணைகிறதா என்று பாருங்கள், சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். சொந்தமாகப் பழைய விமானம் வாங்கி அதில் எஸ்-டெக் ஒழுங்காக ஓடுகிறது என்றால், அதைக் கழற்றிவிட்டு ஜிஎஃப்சி மாட்ட நான் அவசரப்படமாட்டேன். கேஎஃப்சி 150 உள்ள விமானமாக இருந்து, அதன் அடிவானக் கருவியும் பழையதாக இருந்தால் மட்டும் முதல் செலவே ஜிஎஃப்சிக்குத்தான்.