அத்தைக்கு ஒரு குடும்ப டாக்டர் தேடி

அத்தை மருந்துச் சீட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தார். முற்றத்தில் பாயை விரித்துக் கொட்டிப் பார்த்தேன். காரைக்குடியில் இரண்டு டாக்டர், தேவகோட்டையில் ஒருவர், மதுரையில் ஒருவர் எழுதியவை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததற்கான அடையாளமே எதிலும் இல்லை. அத்தைக்கு 73 வயது, பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. மாமா தவறி ஆறு வருடம் ஆகிறது, பிள்ளையும் இல்லை. கானாடுகாத்தான் பக்கத்து ஊரில் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். என்னை வளர்த்தவர் அவர்தான்.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில். அங்கே ஓஹிப் என்ற அரசு காப்பீடு இருக்கிறது. குடும்ப டாக்டரிடம் போனால் அட்டையைக் காட்டினால் போதும், கையிலிருந்து ஒரு காசு தர வேண்டாம். (மருந்துக் காசு வேறு கதை. என் வயதுக்காரர்களுக்கு அதை ஓஹிப் தராது. குடும்ப டாக்டர் கிடைப்பதும் அங்கே எளிதில்லை, நானே இரண்டு வருடம் காத்திருந்தேன்.) அந்தப் பழக்கத்தில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொள்ளும் நல்ல டாக்டர் ஒருவரைப் பக்கத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்து வந்திருந்தேன்.

மூன்று கிளினிக் ஏறி இறங்கினேன். மூன்றாவது இடத்தில் கம்பவுண்டர் ஐயாதான் விவரத்தைச் சொன்னார்: "தம்பி, இந்தக் கார்டு பெட்ல சேர்த்தாத்தான் செல்லும். நாடி பாக்குறதுக்குச் செல்லாது."

விசாரித்தால் அவர் சொன்னது சரிதான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது இது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். ஆனால் அது அறுவை சிகிச்சை, உள்நோயாளி சிகிச்சை, அதோடு குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கு மட்டும்தான்; அதுவும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில்தான். வாரத்துக்கு ஒரு தடவை பி.பி. பார்க்கிற டாக்டருக்கு இதிலிருந்து பணம் போகாது. இந்த அட்டையை வாங்கிக்கொண்டு பி.பி. பார்க்கும் டாக்டரை நான் எத்தனை நாள் தேடியிருந்தாலும் கிடைத்திருக்க மாட்டார்.

சரி, படுக்கையில் விழும் நாளுக்காவது அட்டை தயாராக இருக்கட்டும் என்று பார்த்தால், வீட்டில் இருந்தது மாமா காலத்துப் பழைய அட்டை. புதுப்பிக்க குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு வருகிற சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டைப் பார்த்தவர்கள் வருமானச் சான்று என்றதும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், தெருவிலிருந்து தெருவரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் கட்டுகள் (வீட்டுப் பகுதிகள்). ஆனால் அந்த வீட்டில் அத்தைக்குச் சொந்தம் ஒரு பங்குதான். இரண்டாம் கட்டுக்குள் ஒரு அறையும் வளவில் (உள்முற்றத்தில்) கொஞ்சம் இடமும். மற்ற பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. மாதம் வருவது ஒரு சின்ன வட்டிப் பணமும் நான் அனுப்புவதும்தான். நான் அனுப்புவதையும் மறைக்காமல் சேர்த்துத்தான் கணக்குச் சொன்னோம், அப்படியும் வரம்புக்குள்தான் வந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்தார், அத்தை சமைக்கிற இடத்தைப் பார்த்தார், பங்கு விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். சில நாளில் சான்று வந்துவிட்டது. இப்படிப்பட்ட வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்கள் எத்தனையோ பேர். வீடு பெரிசு என்ற ஒரே கூச்சத்தில் அவர்கள் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். விண்ணப்பிக்க வேண்டும், அது அவர்கள் உரிமை.

சான்றோடு சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு அத்தையை நேரில் கூட்டிப்போனேன். அங்கே பெரிதாகச் சிரமம் இல்லை.

ஆனால் அந்த அட்டையைவிட எனக்கு நிம்மதி தந்தது வேறொன்று. பக்கத்து வீட்டு ஆச்சிதான் சொன்னார், "ஏப்பா, ஊர் ஊரா அலையுறியே, நம்ம பி.எச்.சி.க்குக் கூட்டிப் போனியா?" உண்மையைச் சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையம் என் நினைப்பிலேயே வரவில்லை. சின்ன வயதில் தடுப்பூசிக்குப் போன இடம் என்ற ஞாபகம்தான்.

மறுநாள் காலை போனோம். ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது, எந்த அட்டையும் கேட்கவில்லை. டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். மஞ்சப்பையை வாங்கி, சீட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினார். மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். அப்புறம் இரண்டு அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நீலம், ஒன்று வெள்ளி. கம்பெனிப் பெயர் வேறு வேறு. உள்ளே இருந்தது ஒரே மருந்து, பி.பி.க்கான அம்லோடிபின். ஒரு டாக்டர் காலைக்கு எழுதியிருக்கிறார், இன்னொருவர் இரவுக்கு எழுதியிருக்கிறார். அத்தை இரண்டையும் விடாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

"கால் வீங்குதா ஆச்சி?" என்று கேட்டார். அத்தை சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். டாக்டர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார், எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இந்த மருந்து அதிகமானால் கால் வீங்கும், ஆனால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, ஒரு மாத்திரையை நிறுத்தினார். நான் கிளம்புவதற்கு முன்னாடியே வீக்கம் பாதி வடிந்திருந்தது. வயலுக்குப் போகாத அத்தைக்குக் கால் ஏன் வீங்குகிறது என்று ஒரு வருடமாக எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

அங்கேயே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பெயரைப் பதிந்துகொண்டார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. அடுத்த வாரமே தன்னார்வலர் பெண் வீட்டுக்கு வந்துவிட்டார், உள்ளூர்ப் பெண்தான். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பி.பி. பார்த்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாத்திரையைக் கையில் கொடுத்தார். அத்தையிடம் அவர் வீட்டு மாடு ஈன்ற கதையையும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை அன்றைக்கு முழுக்க அந்தக் கன்றுக்குட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற அன்று அந்தப் பெண்ணின் எண்ணையும், 104, 108 இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதப் போனேன். அத்தை விடவில்லை. முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவர், இன்றைக்கும் முகம் தெரியும். கடைசியில் நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, மஞ்சப்பை தொங்கும் அதே ஆணியில் மாட்டினேன். பைக்குள் இப்போது ஒரே ஒரு குறிப்பேடுதான் இருக்கிறது.