களியக்காவிளை 'கியூபா ஸ்டைல்' வாலிபால் முகாம்: செட்டிங்குக்குப் போகலாம், ஜம்ப்புக்கு யோசிக்கணும்

களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் இடையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய செம்மண் மைதானத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் முகாம் இது. இரண்டு கோர்ட், இரண்டு கோச், ஒரு உதவி கோச், ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். முப்பது நாளுக்கு 3,500 ரூபாய். காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4.30 முதல் 6.30 வரை. காலைப் பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டையும் அவித்த ஏத்தம்பழமும் கொடுக்கிறார்கள். எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலைப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவதால் கோச் சத்தம் போடுவது பாதி தமிழ், பாதி மலையாளம். அதில் யாருக்கும் சிரமம் இல்லை.

நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது 'கியூபா ஸ்டைல் ஜம்ப் பயிற்சி'. செட்டராக, அதாவது அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனாக, வர நினைக்கும் பிள்ளைக்கு இந்தக் காசு தகும். பன்னிரண்டு வயதுப் பையனை உயரக் குதிக்க வைக்க அனுப்புகிறீர்கள் என்றால், கீழே முழங்கால் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முதலில் வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ். ஆறு கியூபா ஆட்டக்காரர்களின் படம், கீழே பெயர், சாதனை. படங்கள் சரி, சாதனைகள் கோளாறு. வில்ஃப்ரெடோ லியோன் படத்துக்குக் கீழே 'கியூபாவுக்கு ஒலிம்பிக் தங்கம்' என்று போட்டிருக்கிறார்கள். கியூபா ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் வாங்கியதே ஒரு பதக்கம்தான், 1976 மாண்ட்ரியலில் வெண்கலம். 1993இல் சாண்டியாகோ தெ கூபாவில் பிறந்த லியோன் 14 வயதிலேயே தேசிய அணிக்குள் வந்தவர். 17 வயதில், 2010 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் பிரேசிலிடம் தோற்று வெள்ளி வாங்கிய அணியில் இருந்தார். பிறகு கியூபாவை விட்டு வெளியேறி ரஷ்யாவின் ஜெனித் கசான் கிளப்புக்கு ஆடி, 2015 முதல் 2018 வரை வரிசையாக நான்கு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் வென்றார். அடுத்து இத்தாலியின் பெருஜியா. 2019 முதல் அவர் போலந்து ஆட்டக்காரர். அவருடைய ஒலிம்பிக் பதக்கம் 2024 பாரிஸில் போலந்துக்காக வாங்கிய வெள்ளி.

மெலிஸா வர்காஸ் படத்துக்குக் கீழே 'சிட்னி 2000 தங்கம்' என்று இருக்கிறது. அவர் பிறந்ததே 1999 அக்டோபரில். சிட்னி நடக்கும்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை! பதின்ம வயதில் கியூபா அணிக்கு ஆடியவர், 2021இல் துருக்கிக் குடியுரிமை பெற்றார். 2023இல் துருக்கி நேஷன்ஸ் லீக்கையும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பையும் வென்றபோது இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். அந்தச் சிட்னி தங்கத்துக்கு உரியவர்கள் அதே ஃபிளெக்ஸில் இருக்கும் மிரேயா லூயிஸ், ரெக்லா தோரஸ் இருவரும். 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2000 சிட்னி என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணி அது. சிட்னி இறுதியில் ரஷ்யாவிடம் முதல் இரண்டு செட்டையும் விட்டுவிட்டு அடுத்த மூன்றையும் எடுத்தார்கள். பார்சிலோனாவில் தோரஸுக்கு வயது 17தான். 20ஆம் நூற்றாண்டின் சிறந்த பெண் ஆட்டக்காரர் என்று சர்வதேச வாலிபால் சம்மேளனம் பின்னால் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

ஃபிளெக்ஸ் பிழையை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த வேலையை விட்டுவிடும் பழக்கம் பயிற்சியிலும் தெரிகிறது.

காலை முதல் நாற்பது நிமிடம் ஜம்ப். பிளைவுட்டில் அடித்த 60 செ.மீ. பெட்டிகள் எட்டு. பிள்ளைகள் வரிசையாக ஏறிக் குதித்து, தரையைத் தொட்டதும் மறுபடி மேலே தாவ வேண்டும். ஒரு காலையில் ஒரு பிள்ளை 200 முறைக்குக் குறையாமல் தரையில் விழுகிறான். இது தினமும், ஞாயிறு தவிர. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வேளையில் 80 முதல் 100 தாவல்தான் கணக்கு. இரண்டு வேளைக்கு நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உயரத்திலிருந்து விழுந்து எழும்பும் பயிற்சி வளரும் வயதில் வேண்டவே வேண்டாம். வேண்டுமென்றால் 20, 30 செ.மீ. பெட்டி மேல் ஏறித் தாவட்டும், இறங்கும்போது நடந்து இறங்கட்டும்.

இதில் கெடுவது முழங்கால். 12 முதல் 14 வயதில் முழங்காலுக்கு நாலு விரல் கீழே, கால் எலும்பின் முன்பக்கம் ஒரு புடைப்பு வந்து, தொட்டாலே வலிக்கும். எலும்பு இன்னும் வளரும் இடத்தில் தசைநார் இழுப்பதால் வருவது. பதினாறு, பதினேழு வயதில் வலி முழங்கால் சில்லுக்கு நேர் கீழே வரும். படி இறங்கும்போதும், உட்கார்ந்து எழும்போதும் தெரியும். இரண்டுக்கும் முகாமில் சொல்லும் மருந்து 'ஐஸ் வெச்சிட்டு ஆடு'. ஐஸ் வலியை அடக்கும், தாவல் எண்ணிக்கையைக் குறைக்காது. செம்மண் தரை சிமெண்டைவிட மேல் என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் இறுகிய மண்ணுக்கும் சிமெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோடை மழை பெய்த மறுநாள் அதே மண் வழுக்குகிறது, அன்றைக்காவது பெட்டியை ஓரம் கட்டலாம்.

கேட்டால் மிரேயா லூயிஸைக் காட்டுகிறார்கள். அவர் உயரம் 1.75 மீட்டர், ஸ்மாஷ் அடிக்கும்போது கை எட்டியது 3.3 மீட்டருக்கும் மேல். பெண்கள் வலை 2.24 என்பதை நினைத்துப் பாருங்கள், ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். அந்தத் தாவல் ஒரு மாதப் பெட்டிக் குதியில் வந்ததில்லை. சிறு வயதிலேயே விளையாட்டுப் பள்ளிக்குத் தேர்வாகி, தேசிய அணியில் பயிற்சியாளர் யூஜெனியோ ஜார்ஜின் கையில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தவர். 1986இல் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே உலகச் சாம்பியன்ஷிப் ஆடினார் என்பதை வீரக்கதையாகப் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். கதை நிஜம், பயிற்சி அட்டவணைக்கு அது முன்மாதிரி இல்லை.

பெட்டியை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பார்த்தால் கோச் கைதேர்ந்தவர் என்று தெரிகிறது. வலக்கைக்காரனுக்கு நாலு அடி: வலது, இடது, பிறகு வலது–இடது சேர்ந்தாற்போல். மூன்றாவது அடிதான் நீளமானது, குதிகால் முதலில் படவேண்டும், அந்த நேரத்தில் இரண்டு கையும் பின்னால் போயிருக்க வேண்டும். கடைசி இடது கால் கொஞ்சம் முன்னால், பாதம் சற்று உள்நோக்கித் திரும்பி விழ வேண்டும். அதுதான் முன்னோட்டத்தைப் பிடித்து மேலே மாற்றுகிறது. பெரும்பாலான பையன்கள் நாலு அடியையும் ஒரே நீளத்தில், ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள். வேகம் மேலே போகாமல் முன்னால் போகிறது, விளைவு வலை டச். இந்த ஒன்றைத் திருத்தினாலே கை எட்டும் உயரம் கூடுகிறது, பெட்டி தேவையில்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அடி நீளத்தைக் காட்டும் முறை நல்லது. பதினைந்து நிமிடத்தோடு நிறுத்திவிடுவதுதான் வருத்தம்.

மாலை நேரத்தில் உதவி கோச் நடத்தும் செட்டிங் பகுதிதான் இந்த முகாமின் சரக்கு. நம் பக்கத்து கிளப்புகள் எல்லாம் ஒரு செட்டர் வைத்து 5–1 ஆடும். இங்கே இரண்டு செட்டர் வைத்து 6–2 சொல்லிக் கொடுக்கிறார்கள். தொண்ணூறுகளின் கியூபா பெண்கள் அணி ஆடியதும் அதுதான். பின்வரிசையில் இருக்கும் செட்டர் முன்னால் வந்து செட் போடுவார், முன்வரிசையில் இருக்கும் செட்டர் அடிப்பார். எப்போதும் முன்னால் மூன்று பேர் அடிக்கத் தயார். அட்லாண்டாவிலும் சிட்னியிலும் தங்கம் வாங்கிய தாய்மாரிஸ் அகுவேரோ அப்படி செட்டும் போட்டு அடியும் அடித்தவர். பிற்பாடு இத்தாலிக்கு ஆடி 2007இல் ஐரோப்பிய சாம்பியன் ஆனவரும் அவரே. 'கியூபா ஸ்டைல்' என்று நோட்டீஸ் அடிக்க வேண்டியது இதற்குத்தான்.

செய்முறை இப்படி. கோர்ட்டில் ஆறு இடம்: பின்வரிசையில் வலது ஓரம் 1, நடு 6, இடது ஓரம் 5; முன்வரிசையில் வலது ஓரம் 2, நடு 3, இடது ஓரம் 4. செட்டர் 1ஆம் இடத்தில் இருந்தால், எதிரணி சர்வீஸ் கை படும் வரை முன்னால் நிற்கும் 2ஆம் இடத்துக்காரனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பந்தைத் தொட்டதும் ஓடி, வலையோரம் 2க்கும் 3க்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். 6இலிருந்து வருவதும் சமாளிக்கலாம். சிக்கல் 5ஆம் இடம். அங்கிருந்து குறுக்கே ஓடுவது நீளமான ஓட்டம், சீக்கிரம் கிளம்பினால் இடம் தவறி நின்றதாக பொசிஷன் ஃபால்ட், புள்ளி எதிரணிக்கு. இதற்கு அவர் வைக்கும் வழி எளிது. 4ஆம் இடத்துக்காரனை வலையோரம் நிறுத்தி, செட்டரையும் அவன் முதுகுக்கு ஒட்டி முன்னாலேயே நிற்க விடுவது. விதி மீறாமல் ஓட்டம் பாதியாகக் குறைகிறது. ரிசீவ், அதாவது சர்வீஸை வாங்கித் தரும் முதல் பந்து, தாழ்வாக, வேகமாக வந்தால் இந்த முறை உடையும். ஆகவே முதல் பந்தை உயரமாகத் தூக்கச் சொல்லி ரிசீவரை வதைக்கிறார், சரியான வதைதான்.

எதிரணி அடியை வலைக்கு மேலேயே தடுக்கும் பிளாக் பகுதி சுமார். ரோபர்லாண்டி சிமோன் படம் ஒட்டிய பலகைக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே குதிக்க வைக்கிறார்கள். 2.08 மீட்டர் உயரமுள்ள சிமோன் கொரியாவிலும் பிரேசிலிலும் இத்தாலியிலும் கோப்பை வாங்கி, மீண்டும் கியூபாவுக்கே ஆடத் திரும்பியவர். நடு பிளாக்கருக்கு முதல் பாடம் கண். பந்து, செட்டர், மறுபடி பந்து, கடைசியாக அடிப்பவன். இந்த வரிசையை யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டில் நகரும் அடியும் இல்லை.

ஜம்ப் சர்வீஸ் பதினாறு வயதுக்கு மேல்தான், அது நல்ல முடிவு. லியோன் சர்வீஸ் மணிக்கு 130 கி.மீ. தாண்டியது என்பதைச் சொல்லி அந்த வயதுக்காரர் எல்லாரையும் ஓங்கி அடிக்க விடுகிறார்கள், முக்கால்வாசி வலையில். கோளாறு கையில் இல்லை, தூக்கிப் போடுவதில். பந்து கோர்ட்டுக்குள் முன்னால் விழும்படி போட வேண்டும். கோட்டுக்குப் பின்னால் கால் எழும்பினால் போதும், உள்ளே இறங்கலாம். விசிலுக்குப் பிறகு எட்டு நொடி இருக்கிறது, அவசரம் வேண்டாம்.

சாமான்கள். பந்து பதினாலு, அதில் மிகாசா வி200டபிள்யூ இரண்டு, மற்றவை ரப்பர் வார்ப்பு. பிரஷர் கேஜ் கிடையாது, விரலால் அமுக்கிப் பார்த்துக் காற்று அடிக்கிறார்கள். காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ இருக்க வேண்டிய பந்து கல்லுபோல் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் முன்கை சிவந்து, இரண்டாம் வாரத்தில் பந்தைக் கண்டு கையை இழுக்கிறார்கள். இரும்புக் கம்பத்தில் கட்டிய வலை நடுவில் தொய்கிறது. ஓரத்தில் 2.43 அளந்துவிட்டுப் போகிறார்கள். உயரத்தை அளக்க வேண்டியது நடுவில். இரண்டு ஓரமும் சமமாக, நடுவைவிட அதிகபட்சம் 2 செ.மீ. கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். வலையின் இரு ஓரத்திலும் எல்லை காட்ட நிற்கும் குச்சி, ஆன்டெனா, ஒரு கோர்ட்டில் மட்டும் இருக்கிறது.

கடைசி வாரம் பெரிய பிள்ளைகளைத் திருவனந்தபுரம் ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்குக்கு ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள், பஸ் காசு தனி.

சேர்க்க நினைப்பவர்கள் முதல் நாளே மூன்று விஷயம் பேசி முடித்துவிடுங்கள். 15 வயதுக்குக் கீழே என்றால் பெட்டிப் பயிற்சி வேண்டாம், அந்த நேரத்தில் ஓட்டத்தின் அடி மட்டும் என்று சொல்லுங்கள். மூத்த கோச் சம்மதிக்கிறார். மாலையில் உதவி கோச்சின் குழுவில் போடச் சொல்லுங்கள், அதில் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுப்பதில்லை, சீக்கிரம் நிறைந்துவிடும். சொந்தப் பந்து இருந்தால் காற்றைச் சரிபார்த்துக் கொண்டுபோங்கள். மாலை மட்டும் வருவதானால் 2,000 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.